ஆவடியில் தடுக்கப்பட்ட வேலைநிறுத்தம்

படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, அதன் கீழிருந்த 41 தொழிற்சாலைகளையும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்க 2021 ஜூன் 16 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தொழிற்சங்கச் சம்மேளனங்கள் அறிவித்தன. அந்த நாள் வருவதற்குள், ஜூன் 30 அன்றே, அவசரச் சட்டம் வந்துவிட்டது. வேலையை நிறுத்துவது மட்டும் அதில் குற்றமாகவில்லை. பலர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பதும், தேவைப்படும் ஓவர்டைமுக்கு மறுப்பதும்கூட வேலைநிறுத்தமாகவே கணக்கிடப்பட்டன. கலந்துகொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை, தூண்டியவருக்கு இரண்டாண்டு வரை. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும், சிப்பாய்க்குச் சீருடை தைக்கும் உடைத் தொழிற்சாலைக்கும் ஒரே தடைதான். அக்டோபர் 1 அன்று வாரியம் கலைந்தது. டாங்கித் தொழிற்சாலை ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்திற்கும், உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொன்றுக்கும் போயின. நினைத்ததை அரசு செய்து முடித்ததால் தடை வெற்றி பெற்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் அறுபது ஆண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. முதலாளியாகவும் சட்டமியற்றுபவராகவும் அரசே இருக்கும் இடத்தில், தடைச் சட்டம் வேலைநிறுத்தத்தை நிறுத்தியிருக்கிறது, தகராறைத் தீர்த்ததில்லை.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் கதை. ஆண்டுக்கு 10,000 டாலர் ஊதிய உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை என்ற கோரிக்கைகளோடு 1981 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 13,000 பேர் வேலையை நிறுத்தினர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய சங்கம் ஆதரித்த ரீகன்தான் அப்போது அதிபர். 48 மணி நேரக் கெடு விதித்து, திரும்பாத 11,345 பேரை அவர் வேலையைவிட்டு நீக்கினார். அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் பறிபோனது. இனி அந்தப் பணியில் சங்கமே இருக்காது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 1987-ல், நீக்கப்பட்டவர்களின் இடத்துக்கு வந்தவர்களும் சேர்ந்தே புதிய சங்கத்துக்கு வாக்களித்தனர். ஆள் பற்றாக்குறை, ஓய்வில்லாத பணி நேரம் எனப் பழைய குறைகள் அப்படியே இருந்தன. அமெரிக்கச் செய்தி வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான், 1981 ஜூலைக் கடைசியில், இந்திய அரசும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்திருந்தது. விமான நிலையம், ரயில்வே, அஞ்சல் ஆகியவற்றோடு பாதுகாப்புத் துறை நிறுவனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. இங்கும் தகராறு ஓயவில்லை. 1982 ஜனவரி 19 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தமாக அது வெளிப்பட்டது.

நம் நாட்டில் இந்தக் கதை இன்னும் பழையது. குறைந்தபட்ச ஊதியம் தேவையை அளவாகக் கொண்டு அமைய வேண்டும் என்று 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒப்புக்கொண்டது. மத்திய அரசு ஊழியர்கள் அந்தக் கணக்கில் மாதம் 125 ரூபாய் கேட்டார்கள். இரண்டாவது ஊதியக் குழு 80 ரூபாய் பரிந்துரைத்தது. 1960 ஜூலையில் அவர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவசரச் சட்டம், கைதுகள், பணிநீக்கங்கள் என்று அரசு அதை அடக்கியது. ஆவடித் தொழிற்சாலைகள் எழுந்தது அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான். 1965-ன் முடிவில் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1966-ல் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. கூட்டு ஆலோசனை அமைப்பை உருவாக்கி, சம்பளமும் படியும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று விஷயங்களில் பேச்சு முறிந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தது. அதுவே சரியான மருந்து. ஆனால் தேவை அடிப்படையிலான ஊதியக் கோரிக்கையை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப அரசே மறுத்தது. 1968 செப்டம்பர் 19 அன்று ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. மறுபடியும் தடைச் சட்டம், துப்பாக்கிச் சூடு. பேச்சுக்கான வழி திறந்திருந்த ஆண்டுகளைவிட, அது மூடப்பட்ட நாளே கொந்தளிப்பைக் கொண்டுவந்தது.

தமிழகமும் 2003-ல் இதைத் தானே சோதித்துப் பார்த்தது. ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை 2 அன்று அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஜெயலலிதா அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக நீக்கியது. எண்ணிக்கையில் ரீகனையும் மிஞ்சிய நடவடிக்கை அது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெரும்பாலானோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். சட்டத்தின் பார்வையில் அரசுக்கு முழு வெற்றி. ஆனால் 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி எல்லாத் தொகுதிகளையும் இழந்தது. அடுத்த சில நாட்களில் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அதே முதல்வர் கைவிட்டார்.

எல்லையில் சீனப் படை நிற்கும்போது டாங்கி உற்பத்தி நிற்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடை 2019-லேயே இருக்கிறது. அந்த ஆகஸ்ட் 20 அன்று இதே நிறுவனமயமாக்கலை எதிர்த்துப் படைக்கலத் தொழிலாளர் ஒரு மாத வேலைநிறுத்தம் தொடங்கினர். ஆவடியும் அதில் இருந்தது. அரசு பேச முன்வந்து, குழு அமைக்கிறோம் என்றதும் ஒரு வாரத்துக்குள் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். உற்பத்தியை மீட்டுத் தந்தது பேச்சுதான். இன்னொரு வாதம், வாரியம் திறமையற்றது, சீர்திருத்தம் தேவை என்பது. இருக்கலாம். ஆனால் சீர்திருத்தம் நல்லதா என்பதும், அதற்கு உட்படுபவரின் வாயை அடைக்கலாமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். மூன்றாவது மறுப்புதான் வலுவானது. நடுவர் மன்றத் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, அப்படியிருக்க அதனால் என்ன பயன்? பயன் இருக்கிறது. தீர்ப்பை மீற வேண்டுமானால் அரசு அவையில் எழுந்து காரணம் சொல்லியாக வேண்டும். அவசரச் சட்டம் பிறப்பிக்கும்போது அந்தச் சங்கடமும் இல்லை.

தடையே கூடாது என்பதல்ல இதன் பொருள். மக்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து விளையும் பணிகளில் தடை விதிக்கலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே ஏற்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் அவற்றில் ஒன்று. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: பறித்த உரிமைக்கு ஈடாக, நடுநிலையான, விரைவான, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் முறை வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் எழுந்து போனால் சில நிமிடங்களில் உயிர்கள் ஆபத்தில் சிக்கும். சீருடை தைப்பவர் ஒரு வாரம் தைக்காவிட்டால் அப்படி ஆகாது. 2021 சட்டமோ டாங்கி செய்பவருக்கும் சீருடை தைப்பவருக்கும் ஒரே தண்டனை முறையை வைத்தது. ஈடாக எதையும் தரவில்லை. இது ஆவடிக்கு மட்டுமான கவலையும் அல்ல. ரயிலில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே அண்ணனூர், திருமுல்லைவாயல் என்று இரண்டே நிலையங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தனியார் பட்டறைகளுக்கும் பொருந்தும் 2020 தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதை வேலைநிறுத்தம் என்கிறது. முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பை எல்லாத் தொழிலுக்கும் நீட்டுகிறது. ராணுவத்தின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட விதியின் ஒரு பகுதி, சைக்கிள் உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கும் பொதுவாக இருக்கிறது. அங்கே எல்லைப் பாதுகாப்பு என்ற காரணத்தையும் சொல்ல முடியாது. ஆகவே தடையோடு நடுவர் மன்றமும் சேர்ந்து வர வேண்டும் என்ற கோரிக்கையை ஆவடியும் அம்பத்தூரும் சேர்ந்தே எழுப்ப வேண்டியிருக்கிறது.