முதுகுப்புறத்திலிருந்து வாசிக்கப்படும் தில்லி

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதன் அரண்மனைகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கவில்லை. ஆறு, கரையோர ஊர்கள், கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள் அனைத்தையும் ஒரே பண்பாட்டு நிலவெளியாகக் கருதியது. தில்லியின் நிலை வேறு. ஹுமாயூன் கல்லறையும் குதுப் வளாகமும் 1993-இலும், செங்கோட்டை 2007-இலும் அப்பட்டியலில் தனித்தனிச் சின்னங்களாக இடம்பெற்றன. இவற்றுள் ஹுமாயூன் கல்லறையும் செங்கோட்டையும் யமுனைக் கரையில் எழுந்தவை. எனினும் நம் பாடநூல்களில் யமுனை வெறும் பின்னணியாகவே நிற்கிறது.

தில்லியின் தலைநகரங்கள் யாவும் ஆற்றை ஒட்டி அமையவில்லை. குதுப் வட்டாரமும் துக்ளகாபாத்தும் ஆரவல்லிப் பாறைமேட்டைச் சார்ந்தவை. அங்கு நீர் ஏரிகளிலும் குளங்களிலும் தேக்கப்பட்டது. ஃபிரோஸ் ஷா துக்ளக் 1354-இல் ஆற்றங்கரையில் ஃபிரோசாபாத்தை நிறுவியபோது நகரின் திசை மாறியது. டோப்ராவிலிருந்து அசோகர் தூண் கொண்டுவரப்பட்ட செய்தி இதற்குச் சிறந்த சான்று. பஞ்சிலும் நாணலிலும் தோலிலும் பொதியப்பட்ட ஒற்றைக்கல் தூண், 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் யமுனைக் கரைக்கு இழுத்துவரப்பட்டு, படகுகளில் ஏற்றப்பட்டு ஃபிரோசாபாத் வந்து சேர்ந்ததை வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் விரிவாக எழுதியுள்ளார்.

மொழியியல் மாணவர்க்கு அத்தூண் ஒரு தனி ஆவணக்காப்பகம். அசோகரின் பிராகிருதத் தூண் சாசனங்களுக்குக் கீழே, 12-ஆம் நூற்றாண்டுச் சௌகான் மன்னன் விசாலதேவனின் சமஸ்கிருதக் கல்வெட்டும் அதில் உள்ளது. ஏழாம் தூண் சாசனம் இத்தூணில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கிறது. ஃபிரோஸ் ஷாவின் காலத்தில் அதன் பிராமி எழுத்தைப் படிக்க எவராலும் இயலவில்லை. ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் அதைப் படித்து வெளிப்படுத்தினார்.

ஷாஜஹானின் செங்கோட்டையில் (1639–1648) ஆறே கட்டடக்கலையின் இலக்கணமாகிறது. ரங் மஹால், காஸ் மஹால், திவான்-இ-காஸ், ஹம்மாம் ஆகியவை கிழக்கு விளிம்பில், ஆற்றைப் பார்த்தபடி ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றினூடே 'நஹர்-இ-பிஹிஷ்த்' எனும் சொர்க்க வாய்க்கால் ஓடியது. அதன் நீரும் யமுனையின் நீரே. ஃபிரோஸ் ஷா காலத்தில் வெட்டப்பட்டுப் பின்னர் தூர்ந்த கால்வாய் ஷாஜஹான் காலத்தில் சீரமைக்கப்பட்டு, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நீரை நகருக்குக் கொண்டுவந்தது. மாடத்திற்குக் கீழே ஓடிய அதே ஆறு, மாளிகைக்குள் பளிங்கு வாய்க்காலாகவும் ஓடியது. பேரரசர் காட்சி தந்த ஜரோக்கா கிழக்கு நோக்கியது. மக்கள் ஆற்றுமணலில் நின்று அவரை வணங்கினர். அரசு தன்னைக் காட்டிக்கொண்ட முகங்களுள் ஆற்றுமுகமும் ஒன்று.

இன்று நாம் லாகோர் வாயில் வழியாக மேற்கிலிருந்து நுழைகிறோம். ஆறு கிழக்கே விலகிவிட, இடையில் வட்டச்சாலை வந்துவிட்டது. 1857-க்குப் பிறகு கோட்டையின் உட்கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டதால், எஞ்சிய மாளிகைகள் புல்வெளியில் தொடர்பற்று நிற்கும் மண்டபங்களாகத் தோன்றுகின்றன. ஹுமாயூன் கல்லறையின் கிழக்கு மதிலருகே ஓடிய ஆறும் விலகிச் சென்றுவிட்டது. இப்போது அத்திசையில் இருப்பது நிஜாமுதீன் ரயில் நிலையம். ஆற்றுக்காக எழுந்த இவ்விரு வளாகங்களையும் முதுகுப்புறத்திலிருந்தே வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆறு விலகினாலும் சொற்கள் விலகவில்லை. தரியாகஞ்ச் என்பதில் 'தரியா' பாரசீகத்தில் ஆறு, 'கஞ்ச்' சந்தை. பழைய நூல்களுக்காக அத்தெருவில் அலைந்த எத்தனை ஆய்வாளர்கள் அப்பெயருக்குள் ஓடும் ஆற்றைக் கவனித்திருப்போம்? 'காட்' என்பது நம் படித்துறைக்கு நிகரான சொல். ராஜ்காட் என்பது முன்பு ஆற்றுக்கு இட்டுச்சென்ற நகரவாயிலின் பெயர். காந்தியடிகளின் நினைவிடம் அப்பெயரைப் பெற்றபின், விஜய் காட், கிசான் காட் என, ஆற்றுக்கு இறங்கும் படிகளே இல்லாத தலைவர் நினைவிடங்களுக்கும் அதுவே பின்னொட்டாயிற்று. துறையைக் குறித்த சொல் தில்லியில் நினைவிடத்தையும் குறிக்கலாயிற்று.

2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது, 1978-இன் 207.49 மீட்டர் என்ற பதிவை அது முறியடித்தது. வெள்ளம் வட்டச்சாலையை மூழ்கடித்துச் செங்கோட்டையின் பின்மதிலை அடைந்தது. ஊடகங்கள் அதைப் பேரிடராக மட்டுமே பதிவு செய்தன. வீடிழந்த கரையோர மக்களுக்கு அது பேரிடரே. அதே வேளையில், முகலாயச் சிற்பிகள் எந்த நிலவரைபடத்தை மனத்திற்கொண்டு கட்டினரோ, அதை ஆறு சில நாட்கள் மீண்டும் வரைந்து காட்டியது.

வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை சுமார் 22 கிலோமீட்டர். ஆற்றின் மொத்த நீளத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான இப்பகுதியே அதன் மாசில் பெரும்பங்கைச் சுமக்கிறது. ஆற்றைத் தூய்மைப்படுத்துவது சுற்றுச்சூழல் துறையின் பணி, சின்னங்களைக் காப்பது தொல்லியல் துறையின் பணி என்ற பாகுபாடு நிர்வாகத்திற்கு வசதியானது; வரலாற்றுக்கு அது பொருந்தாது. தில்லியின் சின்னங்களை ஆயும் மாணவர்கள் வரைபடத்தில் முதலில் பழைய ஆற்றுப்போக்கை வரைந்துகொண்டு, பிறகு கட்டடங்களைக் குறிக்க வேண்டும். அப்போதுதான் எது முகம், எது முதுகு என்பது விளங்கும்.