பிரீமியம் போட்டுடலாமா சார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போகிறீர்கள். ஆந்திர எல்லைக்கு முன்னாலேயே டாங்க்கை நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம். அந்தப் பக்கம் வரி அதிகம், ஆகவே விலையும் அதிகம். பங்க்கில் வண்டியை நிறுத்துகிறீர்கள். நாஸிலைக் கையில் எடுத்தபடி பையன் கேட்கிறான்.

'பிரீமியம் போட்டுடலாமா சார்? மைலேஜ் நல்லா கிடைக்கும்.'

ஒரு விநாடி தடுமாற்றம். பின் சீட்டில் மாமனார் வேறு உட்கார்ந்திருக்கிறார். நார்மல் போதும் என்றால் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரோ? தலையாட்டிவிடுகிறீர்கள். லிட்டருக்குச் சில ரூபாய்தானே, போனால் போகிறது.

போகட்டும். ஆனால், எதற்காகப் போகிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும். அதற்கு ஒரு நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்று ஒருவர் இருந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளர். அந்தக் காலத்து கார்களுக்கு ஒரு வியாதி. மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். நம் மெக்கானிக்குகள் இன்றைக்கும் 'நாக்கிங்' என்கிறார்களே, அதேதான்.

இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நசுக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பற்றவைத்ததும் அந்தக் கலவை ஒரு முனையிலிருந்து ஒழுங்காக எரிந்துகொண்டு போகவேண்டும். தீ வந்து சேருவதற்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிட்டால்? அதுதான் நாக்கிங். தீபாவளிச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரியிலிருந்து வரிசையாக வெடித்தால் அழகு. நடுவில் ஒரு கொத்து தானே வெடித்தால் ஆபத்து.

1921 டிசம்பரில் மிட்ஜ்லி மருந்து கண்டுபிடித்தார். டெட்ரா எத்தில் லெட். பச்சையாகச் சொன்னால் ஈயம். ஒரு துளி போதும், சத்தம் நின்றுவிடும். எரிசாராயம் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது மிட்ஜ்லிக்கும் தெரியும். ஆனால், சாராயம் நிறையக் கலக்கவேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமை கொண்டாட முடியாது. ஈயத்துக்குக் கொண்டாடலாம்.

1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் விற்பனை ஆரம்பம். பெயர் 'எத்தில்'. கவனியுங்கள், பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது. சாதாரணப் பெட்ரோலைவிட விலை அதிகம். நம்ம பிரீமியம் பெட்ரோலுக்குத் தாத்தா என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

தாத்தாவின் ஜாதகம் சரியில்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இந்த ஈயக் கலவையைத் தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. 5 பேர் செத்துப்போனார்கள். பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அந்தத் திரவத்திலேயே கை கழுவிக் காட்டினார் மிட்ஜ்லி. ஒன்றும் செய்யாது, பாருங்கள்! அதற்கு முந்தைய வருடம்தான் அவரே ஈய விஷம் ஏறி ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார். அதை மட்டும் சொல்லவில்லை.

விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. ஈயப் பெட்ரோல் உலகத்துச் சாலைகளைவிட்டுப் போக 2021 ஆகிவிட்டது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா.

இதற்கு நடுவில், பெட்ரோலுக்கு மார்க் போட ஒரு வழி தேவைப்பட்டது. 1926-ல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் அதைச் செய்தார். லேசில் தானாக வெடிக்காத ஐசோ ஆக்டேனுக்கு 100. சட்டென்று வெடித்துவிடும் ஹெப்டேனுக்கு 0. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு அதுவும் 9 பங்கு இதுவும் கலந்தால் எவ்வளவு தாக்குப்பிடிக்குமோ அவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அர்த்தம்.

ஆக, ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை சார், பொறுமை! அழுத்தினாலும் சூடேற்றினாலும், பற்றவைக்கிற வரைக்கும் பேசாமல் இருக்கிற குணம்.

அப்படியென்றால் பலம் எங்கிருந்து வரும்? 1940-ல் பிரிட்டன் வானத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஜெர்மன் விமானங்களை எதிர்த்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கொடுத்தார்கள். வெறுமனே ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்றினார்கள். பெட்ரோலுக்குப் பொறுமை இருந்ததால் ஏற்ற முடிந்தது. வேகம் கொடுத்தது அந்தக் கூடுதல் அழுத்தம். அழுத்தத்தை ஏற்றாமல் பெட்ரோலை மட்டும் மாற்றியிருந்தால், பில்தான் ஏறியிருக்கும்.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க. நடுவே 1998-ல் திருவள்ளூரில் ஒரு விசேஷம். அம்பாசடர் புகழ் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து அங்கே லான்சர் கார் தயாரிக்க ஆரம்பித்தது. பளபளவென்று ஒரு வெளிநாட்டு மாடல். அதை வாங்கியவர் மனநிலையை யோசித்துப் பாருங்கள். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு, டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசடருக்கு ஊற்றுகிற அதே பெட்ரோலா?

அந்தக் கேள்விக்கு எண்ணெய் கம்பெனிகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விலையை அரசாங்கம் நிர்ணயித்த காலம். எந்த பங்க்குக்குப் போனாலும் ஒரே சரக்கு, ஒரே விலை. கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட அவசியமே இல்லை. 2002 ஏப்ரல் 1-ம் தேதி அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதே வருடம் பாரத் பெட்ரோலியத்தின் 'ஸ்பீட்' வந்துவிட்டது. ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் 'பவர்', இந்தியன் ஆயிலின் 'எக்ஸ்ட்ரா பிரீமியம்' எல்லாம் அந்த வரிசைதான். பெயர்களைப் பாருங்கள். வேகம், பலம், உயர்வு. பொறுமை என்று ஒருத்தரும் பெயர் வைக்கவில்லை!

அப்போதைய பிரீமியத்தின் முக்கிய விஷயம், அதில் கலந்த சேர்மானம். இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் அழுக்கைச் சுத்தம் செய்யும் என்றார்கள். அதில் உண்மை உண்டு. அழுக்கேறிய பழைய இன்ஜினுக்குக் கொஞ்சம் பிரயோஜனம். நன்றாக ஓடுகிற வண்டிக்கு? குளித்துவிட்டு வந்தவரை மறுபடி குளிக்கச் சொல்கிற மாதிரி.

இதை அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ 2016-ல் சோதித்துப் பார்த்தது. சாதாரணப் பெட்ரோலுக்காகத் தயாரான கார்களில் பிரீமியம் ஊற்றினார்கள். குதிரைசக்தி, மைலேஜ், புகை எதிலும் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. ஒரு வருடத்தில் அமெரிக்கர்கள் இப்படித் தேவையில்லாமல் செலவழித்தது 210 கோடி டாலர் என்று அந்தச் சங்கம் கணக்கிட்டது.

அமெரிக்கக் கணக்கு எதற்கு, நம்ம கணக்கையே போடுவோம். நார்மல் 100 ரூபாய், பிரீமியம் 108 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 60 லிட்டர் போட்டால் 480 ரூபாய் கூட. வருடத்துக்கு 5,760. இதை மைலேஜிலேயே திருப்பி எடுக்கவேண்டும் என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 16.2 கொடுக்கவேண்டும். பெட்ரோலை மட்டும் மாற்றி, சாதாரண கார் எட்டு சதவிகிதம் தாண்டிக் காட்டுமா? கஷ்டம்.

இன்னும் வேடிக்கையான ஒரு திருப்பம் 2025-ல் நடந்தது. இந்தியப் பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் வந்துவிட்டது. எத்தனால் என்றால்? மிட்ஜ்லி வேண்டாம் என்று ஒதுக்கிய அதே எரிசாராயம். அதற்கு ஆக்டேன் அதிகம். முன்பு 88, பிறகு 91 என்றிருந்த நார்மல் பெட்ரோல் இப்போது 95 ஆக்டேனைத் தொட்டுவிட்டது. 95 என்று பெயரிலேயே போட்டு விற்கிற பிரீமியத்தின் நம்பர், பக்கத்து நாஸிலில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது!

சரி, ஆக்டேன் ஏறியதே, மைலேஜ் ஏறியதா? இல்லை. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கம்மி. பழைய பெட்ரோலுக்காகத் தயாரான கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதிவைத்தது. பொறுமை வேறு, பலம் வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அதற்காக பிரீமியம் ஏமாற்று வேலை என்று சொல்லவரவில்லை. அதிக அழுத்தத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார், சூப்பர் பைக்குக்கு அது தேவை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோல் கொண்டுவந்தது அந்த ஜாதி வண்டிகளுக்குத்தான். டர்போ இன்ஜின் சிலவற்றுக்குக் கொஞ்சம் லாபம் இருக்கலாம். உங்கள் வண்டி மேடு ஏறும்போது தட்டுகிறதா? முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எந்த வண்டிக்கு எது என்பதைத் தயாரித்தவரே சொல்லியிருக்கிறார். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். இல்லாவிட்டால், டேஷ்போர்டு அறையில் பிரிக்காமலே கிடக்கிற அந்தப் புத்தகம். அதில் போட்டிருக்கும் நம்பர் நார்மலிலேயே கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் மாமனாருக்காகக் கொடுப்பதுதான்.

லான்சர் போய்விட்டது. திருவள்ளூரின் அதே ஆலையில் சிட்ரோன் கார்கள் வர ஆரம்பித்தன. ஆனால், பையனின் கேள்வி மட்டும் மாறவில்லை.

அடுத்தமுறை கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள். 'நார்மலே போடு தம்பி.' சொல்லிவிட்டு மீட்டரில் ஜீரோ இருக்கிறதா என்று பாருங்கள். காசு மிச்சமாகிற இடம் அதுதான்.