கடற்கட்டியும் கடலடி அச்சமும்

மன்னார்க் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலங்களில் நள்ளிரவை அண்டி ஒரு வேட்டு முழங்கும். சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் காத்துக் கிடந்த வள்ளங்கள் தரைக்காற்றை வாங்கிப் பாய் விரிக்கும். பொழுது புலரும்போது அவை முத்துப்பாரின்மேல் நிற்கும். கீழக்கரைச் சோனகரும், தூத்துக்குடிப் பரதவரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் காலைக் கல்லிற் பொருத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்துக்கு இறங்குவர். ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் சிப்பியும் அள்ள வேண்டும். சுறா வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தச் சுறா அச்சத்தை அடக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். கடற்கட்டி என்பது அவர் பெயர். மந்திரத்தாற் கடலைக் கட்டிச் சுறாவின் வாயை அடைப்பவர் என்பது பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப்பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். களவாகக் குளிக்க எவனும் துணியமாட்டான் அல்லவா?

பிரித்தானியர் மந்திரத்தை நம்பவில்லை. ஆயினும் கடற்கட்டியை அவர்கள் நீக்கவுமில்லை. அவரின்றிக் குளிகாரர் கல்லில் கால் வைக்க மறுத்தனர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சுவையாக எழுதியிருக்கிறார். அவர் சென்றபோது கடற்கட்டி நோயுற்றிருந்தார். பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். மந்திரம் தமக்குத் தெரியாது என்று அந்தப் பதிலாளே ஒப்புக்கொண்டார். எனினும், மேலவருடைய பிரதிநிதி என்ற முறையில் தம்மைச் சுறாக்கள் மதிக்கும் என்று உறுதி கூறினார்! பிரித்தானியர் ஆட்சியில் அதுவரை நடந்த சலாபங்களிற் சுறாவால் நேர்ந்த விபத்து ஒன்றே ஒன்றுதான் ஐயமறப் பதிவாகியிருந்தது என்றும் டெனன்ட் குறிப்பிடுகிறார்.

சுறா கடிக்கவில்லை, சுறாவைப் பற்றிய அச்சமோ நாள்தோறும் இருந்தது. அந்த அச்சம் உடலுக்குள் என்ன செய்தது? அக்காலத்தில் அதை அளக்க வழி இல்லை. 1915இல் அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கனன், அச்சமும் சினமும் வந்தால் அதிரினலின் என்னும் சுரப்பு குருதியிற் பெருகி, உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்துவதை விளக்கினார். நோயை எதிர்க்கும் அணுக்களும் அந்த ஆயத்தத்திற் பங்குகொள்கின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. 1993இல் செருமானிய ஆய்வாளர்கள், வாழ்வில் முதன்முறையாக வான்குடையோடு குதித்த 45 பேரின் குருதியைச் சோதித்தனர். குதித்த உடனே, இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வெண்குருதியணுக்கள் மிகுந்திருந்தன. ஒரு மணி நேரத்தின் பின் அவை தொடக்க அளவிலும் கீழே இறங்கியிருந்தன. அவ்வணுக்கள் புதிதாகப் பிறந்தவையல்ல. மண்ணீரலிலும் குருதிக்குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கி நின்றவை, பாளையத்திலிருந்து தெருவுக்கு வந்த படைவீரரைப் போல வெளிவந்தவையே. காயம் பட்டால் கிருமி புகுமுன் எதிர்கொள்ள அவை அணியமாகின்றன.

2004இல் ஏறத்தாழ 300 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய செகர்ஸ்ட்ரோம், மில்லர் ஆகிய இருவரும் இதை உறுதிப்படுத்தினர். சில நிமிட நெருக்கடி, பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. குறிப்பிட்ட கிருமிக்கெனப் பழகிய எதிர்ப்பாற்றலின் சில செயல்களைச் சற்றுத் தாழ்த்துகிறது. மாதக்கணக்கில் நீளும் மனச்சுமையோ இரண்டையுமே நலிவிக்கிறது. 1998இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 276 பேர் தாமே முன்வந்து தடிமன் நச்சுயிரியை ஏற்றனர். ஒரு மாதத்துக்குக் குறைந்த கவலையுடையோர்க்கு அதனால் நோய் மிகவில்லை; அதற்கு மேல் நீண்ட கவலையுடையோரே கூடுதலாக நோயுற்றனர்.

ஆதலால், கடலடியில் வந்த ஒரு நிமிட அச்சம் குளிகாரனை நோயாளி ஆக்கியிராது. அப்படியானால் கடற்கட்டி வீணா? வீணல்லர். அஞ்சியவனின் நெஞ்சு விரைந்து துடிக்கும். பிடித்த மூச்சு விரைவில் தீரும். அமைதியாக இறங்குபவனே இன்னும் சில சிப்பிகளை அள்ளுவான். கடற்கட்டி காத்தது மூச்சை எனல் பொருந்தும். அரசு அவரை வைத்திருந்ததற்கும் அதுவே தக்க காரணம்.

உண்மையான இடர் கரையில் இருந்தது. சலாபம் கூறப்பட்டதும் வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் கிடைத்தது. அந்தச் சிப்பிகள் கரையில் அழுகவிடப்பட்டே முத்து எடுக்கப்பட்டது. ஈயும் நாற்றமும் நல்ல நீரின் தட்டுப்பாடும் சூழ, குளிகாரன் வாரக்கணக்கில் அங்கே தங்கினான். பார் எப்போது வற்றும், தன் மூன்றிலொரு பங்கு என்ன விலை போகும், வாங்கிய முன்பணம் தீருமா என்ற எண்ணங்கள் அவனோடு இரவிலும் இருந்தன. சுறா அச்சம் கயிற்றைப் பற்றி மேலே வந்ததும் விட்டுப்போகும், இவை விட்டுப்போவதில்லை. அங்கே வாந்திபேதி தோன்றினால் அதற்கு வாயிலாக இருந்தது குடிநீர்தான், மனக்கவலையன்று. ஆனால் உடல் நொந்திருந்தவர்களிடையேதான் அது வந்தது. நோய் மிகுந்து முகாமே கலைந்துபோன சலாபங்களும் உண்டு. அப்போது முன்பணம் வாங்கி வந்தவன் கடனோடுதான் பாக்குநீரிணையைத் திரும்பக் கடந்தான்.