சட்டைப் பைக்குள் ஓர் இருட்டறை

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மையார் ஒருவரை நம் சிறிய டிஜிட்டல் கேமராவில் படமெடுத்தோம். திரையில் தம் முகத்தைக் கண்டு மகிழ்ந்தவர், "எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா தம்பி?" என்றார். கொடுக்க நம்மிடம் ஏதுமில்லை.

சிறு துளை வழியே புகும் ஒளி இருட்டறையில் உருவம் வரைவதை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம். 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவோ மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடி பிடித்தது. சட்டைப் பைக்கு அது எங்கே! எடுத்த படத்தை அக்கணமே பின்புறத் திரையில் காட்டியது, 1995இல் வந்த காசியோ கியூவி-10. அந்த வசதிதான் அச்சிடும் வழக்கத்தையே நம்மை மறக்கச் செய்தது என்போம்.

இதே ஊரின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில்களைப் படமெடுத்து, ஊரும் பெயரும் குறித்து, இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைக் காத்து வருகிறது. நம் படங்களோ நினைவட்டையில் பெயரின்றிக் கிடந்தன. மணிக்கூண்டு நிற்கும் இவ்வங்காடியை இடித்துக் கட்டும் திட்டம் வந்து, வணிகர்கள் எதிர்த்தபோதுதான் நமக்கு உறைத்தது.

படத்தை அச்சிட்டு, பின்புறம் நாளும் இடமும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மையார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.