சிவப்புக் கட்டங்களை எண்ணுறது எப்படி?

எங்கட ஊர் வாசிகசாலையிலை சனிக்கிழமைகளில் ஓர் இலவசக் கணித வகுப்பு நடக்கிறது. சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு. முன்னோடிப் பரீட்சை ஒன்று வைத்து, புள்ளிகளை எக்செலில் ஏற்றி, 35க்குக் கீழே எடுத்தவர்களின் கட்டம் தானாகவே சிவப்பாகிற மாதிரி விதி போட்டோம். சிவப்பு விழுந்த பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பும் ஒரு பயிற்சிக் கொப்பியும். கொப்பி அச்சடிக்கக் காசு அளவாகத்தான் இருந்தது, அதனால் சரியான எண்ணிக்கை வேணும்.

மூன்று பேர் கண்ணால் எண்ணினோம். 27, 26, 27. பிறகு ஒருத்தர் "ஏன் கஷ்டப்படுறியள், ஃபோர்மியுலா போடுங்கோ" எண்டு சொல்லி, 35க்குக் குறைந்தவற்றை எண்ணும்படி கவுண்ட்இஃப் போட்டார். 21 என்று வந்தது. இயந்திரம் பிழை விடாதுதானே! 21 கொப்பி அச்சடித்தோம். சனிக்கிழமை வந்தவர்கள் 25 பேர்.

விதியும் 35, ஃபோர்மியுலாவும் 35. பிறகு எப்படி ஆறு வித்தியாசம்? அதைத் தேடிப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. விடை கடைசியில் இருக்கிறது. அதுக்கு முதல் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

1978. ஹாவார்ட் வணிகப் பாடசாலையில் டான் பிரிக்லின் என்றொரு மாணவர். விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு பெரிய நிதி அட்டவணை கீறிப் படிப்பிக்கிறார். ஒரு எண்ணை மாற்றினால் அதில் தங்கியிருக்கிற எல்லா எண்களையும் அழித்துத் திரும்ப எழுதவேணும். இதைத் தானாகவே திருத்திக்கொள்கிற பலகை ஒன்று இருந்தால் என்ன என்று பிரிக்லின் யோசித்தார். நண்பர் பொப் பிராங்ஸ்டன் நிரல் எழுத, 1979 இல் அப்பிள் II கணினிக்கு விசிகல்க் வெளிவந்தது. இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற எல்லா விரிதாள்களுக்கும் பாட்டன் அதுதான்.

விசிகல்க்கில் நிறம் இல்லை. ஆனால் கண்ணுக்குக் காட்டுகிற ஆசை அப்பவே இருந்திருக்கிறது. ஒரு கட்டத்துக்கு உடுக்குறி வடிவம் கொடுத்தால், 7 என்ற எண்ணுக்குப் பதிலாக ஏழு உடுக்குறிகள் வரிசையாகத் தெரியும். எண் உள்ளே இருக்கும், வெளியே தெரிவது படம். இந்தப் பிரிப்பை நினைவில் வைத்திருங்கோ. கட்டத்துக்குள் இருப்பது ஒன்று, கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. விரிதாளின் முழு வரலாறும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

1983 இல் மிட்ச் கபோரின் நிறுவனம் லோட்டஸ் 1-2-3 ஐ வெளியிட்டது. ஐபிஎம் கணினிகளை அலுவலகங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு. நிபந்தனை வைத்து எண்ணுகிற வேலையும் அதில் இருந்தது: நிபந்தனையைத் தாளின் ஒரு மூலையில் எழுதி, டிகவுண்ட் என்ற சார்புக்கு அந்த மூலையைக் காட்டவேணும். சுத்துவழிதான், ஆனால் ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. நிபந்தனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தாளிலேயே எழுதியிருக்கும்.

எக்செல் 1985 இல் முதலில் அப்பிள் மக்கின்டொஷுக்குத்தான் வந்தது, விண்டோஸுக்கு 1987 இல். எங்கட கதைக்கு முக்கியமான வருசம் அதற்குப் பத்து வருசம் பிந்தியது. எக்செல் 97 இல் நிபந்தனை வடிவமைப்பு வந்தது. கட்டத்தின் பெறுமதி இப்படியிருந்தால் இந்த நிறம் பூசு என்று சொல்லிவிடலாம், எண் மாறினால் நிறமும் மாறும். ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள் மட்டும். எங்கட ஏ, பி, சி, எஸ், டபிள்யூ ஐந்துக்கும் ஐந்து தோற்றம் கொடுக்க நாலு நிபந்தனை வேணும், ஆகவே இலங்கை வாத்தியார் ஒருவருக்கு எக்செல் 97 ஒரு நிபந்தனை போதாது! 2007 பதிப்பில்தான் அந்த எல்லை போனது. நிறத் தரவரிசை, கட்டத்துக்குள்ளேயே ஓடுகிற பட்டை, அம்புக்குறி எல்லாம் அப்போது சேர்ந்தன. விசிகல்க்கின் உடுக்குறிகள் 28 வருசத்துக்குப் பிறகு பட்டையாகத் திரும்பி வந்தன எண்டும் சொல்லலாம்.

நிறம் வந்ததும் சனம் அதை எண்ணக் கேட்டது. நியாயமான கேள்விதான். சிவப்பைப் பார்க்கிறவருக்குச் சிவப்பு ஒரு தகவல். எக்செலுக்கு அது தகவல் இல்லை, பூச்சு. நிறத்தை எண்ணுவதற்கென்று ஒரு சார்பு இன்றுவரை எக்செலில் இல்லை.

இல்லாததால் ஆக்கள் குறுக்குவழி தேடினார்கள். எக்செலின் பழைய மக்ரோ மொழியில் கெட்.செல் என்றொரு கட்டளை உண்டு. அதற்கு 63 என்ற எண்ணைக் கொடுத்தால் கட்டத்தின் பின்னணி நிறத்துக்குரிய இலக்கத்தைத் தரும். அதை நேரே கட்டத்துக்குள் எழுதமுடியாது. ஒரு பெயருக்குள் ஒளித்துவைத்து, அந்தப் பெயரைக் கட்டத்தில் அழைக்கவேணும். மந்திரம் மாதிரி இந்த வித்தை கைமாறிக் கைமாறி வந்தது. ஆனால் கையால் பூசிய நிறம் மட்டும்தான் அதற்குத் தெரியும். நிபந்தனை பூசிய சிவப்பைக் கேட்டால் நிறமில்லை என்று சொல்லும். 1993 இல் எக்செல் 5 உடன் வந்த விபிஏ மொழியின் நிறப் பண்பும் அப்படியேதான்: திரையில் சிவப்பு, நிரலுக்கு வெள்ளை.

கடைசியில் 2010 பதிப்பில் டிஸ்ப்ளேஃபோர்மட் என்றொரு பண்பைக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை, நிபந்தனை பூசியதையும் சேர்த்து, அது சொல்லும். எல்லாரும் சந்தோசப்பட முதலே ஒரு பொறி: மக்ரோவாக ஓடவிட்டால் வேலை செய்யும், நீங்களே எழுதிய சார்பாகக் கட்டத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. பிழை காட்டும்.

மைக்ரோசொப்ட்காரர் சோம்பேறிகள் என்று இதைப் பார்த்துத் திட்டுகிறவர்கள் கனபேர். நான் அவர்கள் பக்கம். விரிதாள் உயிர்வாழ்வதே ஒரு ஒழுங்கில்தான்: எண் மாறினால் அதில் தங்கியிருக்கிற எண்கள் மாறும், எல்லாம் முடிந்த பிறகு திரைக்குப் பூச்சு. நிறம் மாறினது கணக்கைத் திரும்ப ஓடவைக்காது. இப்போது பூச்சையும் கணக்குக்குள் விட்டால் என்னாகும்? சிவப்புகள் ஐந்துக்குமேல் போனால் எல்லாக் கட்டத்தையும் பச்சையாக்கு எண்டு ஒருவர் விதி போடுகிறார். பச்சையானதும் சிவப்புகள் பூச்சியம். பூச்சியமானதும் திரும்பச் சிவப்பு. முடிவேயில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் சொல்கிற வழி: நிறத்தை எண்ணாதேங்கோ, நிறத்துக்குக் காரணமான விதியை எண்ணுங்கோ. கவுண்ட்இஃப்புக்கு அதே நிபந்தனை. பல நிபந்தனை என்றால் 2007 இல் வந்த கவுண்ட்இஃப்ஸ். அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 2007 இலிருந்து நிறத்தை வைத்து வடிகட்டலாம், நிபந்தனை பூசிய நிறத்தையும்தான். வடிகட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் எண்ணுகிற சப்டோட்டலைப் போட்டால் விடை வரும்.

எங்கட நண்பர் செய்ததும் இந்த வழிதானே, விதியைத்தானே எண்ணினார்? ஆனால் 21.

அந்த ஆறு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கிச்சுது. அவர்களுக்குப் புள்ளியே இல்லை. பரீட்சைக்கு வரவில்லை, கட்டம் வெறுமை. நிபந்தனை வடிவமைப்பு வெறுங் கட்டத்தைப் பூச்சியமாக எடுக்கும்; பூச்சியம் 35ஐவிடக் குறைவு, ஆகவே சிவப்பு. கவுண்ட்இஃப் வெறுங் கட்டத்தை எண்ணாமல் தாண்டிப்போகும். ஒரே தாள், ஒரே எண், இரண்டு தீர்ப்பு. சப்டோட்டலிலும் இதே கண்ணி இருக்கிறது. அதைப் புள்ளி நிரலுக்குப் போட்டால் வெறுங் கட்டங்கள் விடுபடும், பெயர் நிரலுக்குத்தான் போடவேணும்.

அதோடை முடியவில்லை. தாளை இரண்டு பேர் நிரப்பியிருந்தோம். நான் வராத பிள்ளைகளுக்கு வெறுமை விட்டேன். மற்றவர் ஒழுங்கானவர், பள்ளிக்கூட முறைப்படி ஏபி என்று எழுதினார். எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எக்செலில் எழுத்துத்தான் எப்போதும் பெரிது. ஏபி 35ஐவிடக் குறைவில்லை, ஆகவே சிவப்பும் இல்லை, கவுண்ட்இஃப்பிலும் இல்லை. நாலு பிள்ளைகள். வகுப்புக்கு வரச்சொல்லிச் சிவப்பைப் பார்த்துத்தான் வீடுகளுக்கு அழைப்பு எடுத்திருந்தோம். அந்த நாலு வீட்டுக்கும் ஒருத்தரும் எடுக்கவில்லை.

பரீட்சைக்கு வராத பிள்ளைதான் கூடப் பயப்படுகிற பிள்ளை. எங்கட வகுப்பு உண்மையில் யாருக்காகவோ, அவர்களைத்தான் தாள் வெள்ளையாகக் காட்டியிருக்கிறது.

இப்போது தாளில் புதிதாக ஒரு நிரல் இருக்கிறது, பெயர் "நிலை". ஒவ்வொரு வரியிலும் சித்தி, மேலதிக வகுப்பு, வரவில்லை என்ற மூன்றில் ஒன்றை ஃபோர்மியுலா எழுதும். நிறம் அந்த நிரலைப் பார்த்துத்தான் பூசப்படுகிறது, எண்ணுவதும் அந்த நிரலைத்தான். 21, 6, 4. மொத்தம் 31. மிச்சப் பத்துக் கொப்பிக்கும் காசு சேர்த்து அச்சடித்து, அந்த நாலு வீட்டுக்கும் அழைப்பு எடுக்காமல் நேரேயே போனோம். இரண்டு பேர் அடுத்த சனிக்கிழமை வந்தார்கள்.