தோற்றதாக நினைத்தவர்கள்

ஓர் ஆவணப்படம் பாருங்களேன்: 2023இல் வந்த 'தி மூவ்மென்ட் அண்ட் தி மேட்மேன்'.

1969இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வட வியட்நாமுக்கு நவம்பர் 1 வரை ரகசியக் கெடு வைத்திருந்தார். இணங்காவிட்டால் கடும் தாக்குதல். அணு ஆயுதம்கூடப் பரிசீலனையில் இருந்தது.

இதை அறியாமலே, அக்டோபர் 15 அன்று அமெரிக்காவெங்கும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் போருக்கு எதிராகத் திரண்டார்கள். தலைநகரில் மெழுகுவர்த்தி ஏந்தி வெள்ளை மாளிகைக்கு நடந்தார்கள். இதற்கெல்லாம் அசைய மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார் நிக்சன். ஆனால் தாக்குதலைக் கைவிட்டார். போராட்டம் தன் மிரட்டலின் வலுவைக் குலைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

போர் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. அதனால் பலர் தோற்றதாகவே நினைத்தார்கள். தாங்கள் தடுத்தது எதை என்று அன்று அவர்களுக்குத் தெரியாது.

'நான் ஒருவர் போய் என்ன ஆகப்போகிறது' என்று தோன்றினால், இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.