கேட்டவர்கள் கதைத்ததால் தப்பிய இசை



"இப்ப என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய்?"

என் மாமா தொலைபேசியை எடுத்தால் முதலில் கேட்கும் கேள்வி இது. சாப்பிட்டாயா, வேலை எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் கேட்பது பாட்டை அல்ல, படத்தின் பின்னணி இசையை. உங்கள் பாஷையில் சொன்னால் பீஜீஎம்.

உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஹான்ஸ் சிம்மரின் 'இன்டர்ஸ்டெல்லார்' இசையைப் போட்டுக்கொண்டு கணக்குப் படிக்கிறீர்கள். அனிருத்தின் இசைத் துண்டு ஒன்றைக் கைபேசி மணியாக வைத்திருக்கிறீர்கள். எது நல்லது, எது அலட்டல் என்று நண்பர்களோடு இரவிரவாகச் சண்டை பிடிக்கிறீர்கள். ஆனால் பின்னணி இசையைப் படத்திலிருந்து பிரித்துத் தனியாகக் கேட்கலாம் என்பது ஒரு காலத்தில் பலருக்கும் தோன்றாத யோசனை. அப்படிக் கேட்கும் வழக்கம் வளர்ந்ததற்கு உங்களைப் போலச் சண்டை பிடித்த ரசிகர்களும் ஒரு காரணம். அந்த வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு பெட்டி கசெற்

1990களில் நாங்கள் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் வீடியோக் கசெற் வாடகைக்கு எடுப்போம். மாமா ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் பார்ப்பார். முதல் தரம் எங்களோடு. இரண்டாம் தரம் எல்லோரும் படுத்த பிறகு, தனியாக. தொலைக்காட்சியிலிருந்து ஒரு வயரை இழுத்து ரேப் ரெக்கோடரில் கொழுவி, பின்னணி இசை வரும் இடங்களை மட்டும் பதிவார். வசனமும் சேர்ந்து பதிவாகும். கதவு அடிபடும் சத்தமும் சேர்ந்து பதிவாகும். வேறு வழி இருக்கவில்லை. இளையராஜா படங்களுக்குக் கடையில் கிடைத்த கசெற்றுகளில் பாட்டுகள்தான் இருக்கும். பின்னணி இசை அநேகமாக இருக்காது.

பதிந்ததை ஒரு கொப்பியில் எழுதுவார். படத்தின் பெயர், காட்சி, எத்தனையாவது நிமிடம், என்ன வாத்தியம், கடைசியில் ஒரு வரிக் கருத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை ஒன்றைச் சுரண்டி, பாரிசில் இருக்கும் தன் பள்ளிக்கூட நண்பரை எடுப்பார். இருவரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் புல்லாங்குழல் அவ்விடத்தில் தேவையா என்று அட்டையில் காசு முடியுமட்டும் வாதாடுவார்கள். எனக்கு அது விசர் வேலையாகத் தெரிந்தது.

2008இல் நாங்கள் வீடு மாறினோம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய வருடம். சாமான் கட்டும் பொறுப்பு என்னுடையது. மாமா வேலைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பெட்டி நிறைந்த கசெற்றுகளைக் குப்பைக்குள் போட்டேன். பின்னேரம் வந்து கேட்டார்.

"எறிஞ்சிட்டியோ?"

"ஓம் மாமா. எல்லாம் இப்ப இணையத்தில இருக்குத்தானே."

"சரி தம்பி. இடமும் இல்லைத்தானே," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

இணையத்தில் எல்லாம் இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதுகலைப் படிப்பில் ஒலிச் சமிக்ஞைகளைப் பற்றிப் படித்தபோது, பழைய பதிவுகளை மீட்டெடுப்பது குறித்து நிறைய வாசித்தேன். அப்போதுதான் நான் செய்த அதே வேலையை ஹொலிவுட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றும் செய்திருந்தது என்று அறிந்தேன்.

குப்பைமேட்டுக்குப் போன இசை

ஹொலிவுட்டில் பேசும்படம் வந்த தொடக்கத்தில் பின்னணி இசைக்குப் பெரிய மரியாதை இல்லை. 1933இல் 'கிங் கொங்' படத்துக்கு மாக்ஸ் ஸ்டைனர் எழுதிய இசைதான் அந்த நிலையை மாற்றிய முக்கியமான படைப்புகளில் ஒன்று. பொம்மைக் குரங்கைப் பார்த்து மக்கள் பயப்படவும் கடைசியில் அதற்காக இரங்கவும் அந்த இசை வழி செய்தது. ஆனால் படம் ஓடி முடிந்தால் இசையின் வேலையும் முடிந்தது. எழுதிய தாள்கள் நிறுவனத்தின் சொத்து. அவை களஞ்சியத்துக்குள் போய்விடும். கேட்க விரும்பினால் படம் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1942இல் மிக்லோஸ் ரோசா 'ஜங்கிள் புக்' படத்துக்கு எழுதிய இசை இசைத்தட்டாக வந்தது. பாட்டுப் படமல்லாத ஒரு ஹொலிவுட் படத்தின் இசை அப்படி விற்பனைக்கு வந்ததில் அதையே முதலாவது என்று சொல்வார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: வெறும் இசையை யார் வாங்குவார்கள் என்ற சந்தேகமோ என்னவோ, கதை சொல்லும் குரலும் சேர்த்திருந்தார்கள். அந்தக் குரல் மைசூர்ப் பக்கத்திலிருந்து போய் நடிகரான சாபுவினுடையது.

1944இல் 'லோரா' என்ற படம் வந்தது. டேவிட் ராக்சின் எழுதிய ஒரு மெட்டு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். படம் பார்த்தவர்கள் அந்த மெட்டைக் கேட்டுக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். பிறகுதான் அதற்கு வரிகள் எழுதப்பட்டுப் புகழ்பெற்ற பாடலானது. பார்வையாளர்கள் வாய் திறந்ததால் ஒரு பின்னணி இசை படத்தை விட்டு வெளியே வந்தது. இந்த இடத்தைக் கவனத்தில் வைத்திருங்கள்.

பிறகு கெட்ட காலம் வந்தது. 1960களில் பெரிய ஸ்டூடியோக்கள் பணமுடையில் தள்ளாடின. 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வெளியானது. அதற்காக அலெக்ஸ் நோர்த் ஓர் இசையை எழுதி, வாத்தியக் குழுவோடு பதிவும் செய்திருந்தார். குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு, படத்தைத் தொகுக்கும்போது தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த பழைய செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். தன் இசை அதில் இல்லை என்பது நோர்த்துக்குப் படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் படத்தை வெளியிட்ட எம்ஜிஎம் நிறுவனம், அடுத்த வருடமளவில் தன் இசைக் களஞ்சியத்தையே காலி செய்தது. 'த விசர்ட் ஒஃப் ஓஸ்', 'சிங்கின் இன் த ரெய்ன்' போன்ற படங்களுக்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய தாள்கள் நிலம் நிரப்பும் குப்பையாகப் போயின. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இடம் வேண்டியிருந்தது. நான் மாமாவுக்குச் சொன்ன அதே காரணம்.

தபாலில் கதைத்தவர்கள்

அதே காலத்தில்தான் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் மிக்லோஸ் ரோசாவின் இசைக்காக அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவானது. 'ப்ரோ மூசிக்கா சானா' என்று ஒரு சிறு சஞ்சிகையும் நடத்தினார்கள். 'பென் ஹர்' படத்தில் எந்த மெட்டு எந்தக் காட்சியில் எப்படி மாறுகிறது, இசைத்தட்டில் எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்பது போன்ற விஷயங்கள்தான் இவர்களின் உலகம். மாமாவின் கொப்பியும் அப்படித்தான்.

இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை இசைத்தட்டு நிறுவனங்களும் கவனித்தன. 1972இல் சார்ள்ஸ் கெர்ஹார்ட் என்ற நடத்துநர், கோர்ன்கோல்ட் எழுதிய பழைய திரையிசையை லண்டனில் புதிதாக வாசித்துப் பதிந்தார். 'த சீ ஹோக்' என்ற அந்த இசைத்தட்டு நன்றாக விற்று, ஒரு தொடராகவே வளர்ந்தது. 1974இல் இசையமைப்பாளர் எல்மர் பேர்ன்ஸ்டீன் இன்னொரு படி போனார். சந்தா கட்டுவோருக்குத் தபாலில் இசைத்தட்டு அனுப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கூடவே ஒரு சஞ்சிகையும் வெளியிட்டார். அவர் பதிந்தவற்றில் ஒன்று 'டோர்ன் கேர்ட்டன்' படத்துக்காக பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசை. 'சைக்கோ'வுக்கு வெறும் நரம்பு வாத்தியங்களை வைத்தே உலகத்தைப் பயமுறுத்திய அதே ஹெர்மன். 1966இல் ஹிட்ச்கொக் இந்த இசையை நிராகரித்ததோடு இருவரின் கூட்டும் முறிந்தது. படத்தில் வராத அந்த இசையைக் கேட்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

1990இல் லூக்காஸ் கென்டல் என்ற பள்ளி மாணவன் ஒரு செய்தித்தாள் போன்ற சிறு வெளியீட்டைத் தொடங்கினான். அதுவே 'பில்ம் ஸ்கோர் மந்த்லி' என்ற சஞ்சிகையானது. விமர்சனம், பேட்டி, வாசகர் கடிதம், கடிதத்துக்கு எதிர்க்கடிதம். இரண்டு பெரிய சண்டைகள் ஓயவே இல்லை. ஒன்று: படத்தில் வரும் வரிசைப்படி ஒரு துண்டும் விடாமல் வெளியிட வேண்டுமா, அல்லது கேட்பதற்கு இனிமையாக அரை மணி நேரத்துக்குத் தொகுக்க வேண்டுமா? மற்றது: இரைச்சலோடு இருந்தாலும் பழைய பதிவே வேண்டுமா, அல்லது புதிதாக வாசித்த துல்லியமான பதிவா?

பழைய பதிவுகளை வெளியிடுவதில் ஒரு கணக்குப் பிரச்சினையும் இருந்தது. படத்துக்காக வாசித்ததை இசைத்தட்டாக விற்றால், வாசித்த கலைஞர்களுக்குத் திரும்பவும் பணம் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதி. நியாயமான விதி. ஆனால் எண்பது பேர் வாசித்த இசையைச் சில ஆயிரம் பேர்தான் வாங்குவார்கள் என்றால் கட்டுபடியாகாது. குறைந்த பிரதிகளுக்குத் தனி ஏற்பாடு வந்த பிறகு வழி திறந்தது. அதனால்தான் பழைய படங்களின் குறுந்தட்டுகளில் '3000 பிரதிகள் மட்டும்' என்று போட்டிருப்பார்கள். கென்டலின் சஞ்சிகையே குறுந்தட்டு வெளியிடத் தொடங்கி, 250 வெளியீடுகள் வரை போனது. எதை வெளியிட்டால் வாங்குவார்கள் என்பதை அறிய ரசிகர்களின் சண்டைகளே போதும்.

அலெக்ஸ் நோர்த் 1991இல் இறந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவருடைய நண்பர் ஜெரி கோல்ட்ஸ்மித் '2001' படத்துக்கான அந்த இசையை வாசித்துப் பதிந்து வெளியிட்டார். 'கிங் கொங்' இசையை ஜோன் மோர்கன் தாளாக மீட்டுக் கொடுக்க, 1990களில் மொஸ்கோவில் ஒரு வாத்தியக் குழு முழுதாக வாசித்தது. குப்பைக்குப் போன எம்ஜிஎம் இசையை ஆங்கிலேய நடத்துநர் ஜோன் வில்சன் மீட்டார். எஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, படத்தின் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் திரும்ப எழுதினார். 2009இல் லண்டன் ப்ரொம்ஸ் விழாவில் அது ஒலித்தது. சில நிமிட இசையை எழுதுவதற்கு நாள்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த மென்பொருளும் அந்தப் பொறுமைக்கு ஈடில்லை.

கொப்பி மட்டும் தப்பியது

எங்கள் பக்கத்திலும் நிலைமை மெல்ல மாறியது. இந்தியத் தேசிய விருதுகளில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாடல்களுக்கு ஒரு விருதும் பின்னணி இசைக்கு வேறொரு விருதுமாகப் பிரித்தார்கள். அந்த ஆண்டுக்கான பின்னணி இசை விருது, 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குப் போனது. மாமாவைப் போன்றவர்கள் பல வருடமாகத் தொலைபேசி அட்டையில் சொல்லிவந்ததை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது.

போன மார்கழி, மாமாவின் அலுமாரியில் அந்தக் கொப்பியைக் கண்டேன். கசெற்றுகளோடு அதையும் எறிந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதை வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்திருந்தாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறோம். அவர் எழுதிய நிமிடத்துக்குப் போய், வசனத்தையும் இசையையும் பிரிக்கும் மென்பொருளில் அந்த இடத்தைப் போடுகிறேன். சில இடம் சுத்தமாக வருகிறது. சில இடத்தில் புல்லாங்குழலின் ஓரம் மழுங்கிவிடுகிறது. எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று சொல்வது அந்தக் கொப்பி மட்டுந்தான்.

1986இல் வந்த 'மௌன ராகம்' படத்துக்கு அவர் எழுதியிருந்த ஒரு வரி: "கார்த்திக்குக்கு இசை ஓடுது, மோகனுக்கு இசை நடக்குது." நான் ஒத்துக்கொள்ளவில்லை. மோகன் வரும் இடங்களில் இசையை விட மௌனந்தான் முக்கியம் என்பது என் கட்சி. மாமா பாரிஸ் நண்பரை எடுத்து என்னையும் இணைத்தார். மூன்று பேரும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். பாரிஸ் மாமா என் பக்கம்.

அன்றைக்குத்தான் நான் அந்தக் கசெற்றுகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு. நீ இப்ப கேக்கிறாய்தானே," என்றார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிடித்த இசையைப் பற்றிக் கதைக்கும்போது "சூப்பர்", "வேற லெவல்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். எந்தப் படம், எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம், எது உங்களைப் பிடித்து உலுக்கியது என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அப்படியே சொல்லுங்கள். நிறுவனங்கள் மாறும், கோப்புகள் அழியும், வீடு மாறும்போது என்னைப் போல ஒருவன் பெட்டியைத் தூக்கி எறிவான். நீங்கள் எழுதி வைத்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு யாரோ ஒருவர் அந்த இசையைத் தேடிப் போகலாம்.

சரி, இப்ப என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?